விண்ணப்பத்தில் எழுதிய அம்மா

முதல் தடவை விண்ணப்பித்தபோது என்னை நேர்காணலுக்குக்கூட அழைக்கவில்லை. ரயிலில் போனால் இரண்டு நாள் ஆகும் வடக்கத்திப் பல்கலைக்கழகம் அது. ஓவியத்தில் முதுகலை. மிகச் சில பேரைத்தான் எடுப்பார்கள். பதினைந்து படங்களின் புகைப்படங்களும், ‘ஏன் வரைகிறேன்’ என்று இரண்டு பக்கக் கட்டுரையும் அனுப்ப வேண்டும். நான் தாமிரபரணியை வரைந்து அனுப்பியிருந்தேன். படித்துறை, மருத மரம், தண்ணீரில் அசையும் வெயில். கட்டுரையிலும் ஆற்றைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தார். போனில் கேட்டேன். “படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆத்தை யார் வேணா வரையலாமே. நீ யாருன்னு அதுல ஒண்ணும் தெரியல. உன் கதை என்ன?” என்றார்.

எனக்கு என்ன கதை இருக்கிறது என்று யோசித்தேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில் அப்பா இறந்துபோனார். அம்மா தமிழாசிரியை. பேட்டையில் காலை ரயிலேறி ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள், சாயங்காலம் ரயிலில் திரும்பி வருவாள். பரீட்சை சமயங்களில் விடைத்தாள் கட்டை மடியில் வைத்து ரயிலிலேயே திருத்துவாள். ஒரு நாள்கூட எங்களுக்குச் சோறு இல்லாமல் போனதில்லை. இதில் எழுத ஒன்றுமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அப்படிப் பட்டதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எதிர்வீட்டில் ஒரு சித்தி இருந்தாள். சொந்தம் இல்லை. அம்மாவைவிட இளையவள், அதனால் சித்தி. பீடி சுற்றுகிறவள். காலையில் சமையலை முடித்துவிட்டு வாசல் பக்கத்து அறையில் முறம்போல இருக்கும் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால், மத்தியானம் சாப்பிட மட்டும்தான் எழுந்திருப்பாள். இலையைத் தகரத் தகடு வைத்து அளவாக வெட்டி, புகையிலைத் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுப்பது வரை எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். அந்தக் கைகளை வரையலாம் என்று தோன்றியது. அதில் தவறு ஒன்றுமில்லை. நாலு மாதம் தினமும் போய் எதிரில் உட்கார்ந்து கரிக்கோலால் வரைந்தேன். வெட்டிப் போட்ட இலைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து துணியில் ஒட்டி, அதன்மேல் வண்ணம் தீட்டினேன். நான் அதுவரை செய்ததிலேயே நல்ல படங்கள் அவைதான்.

“எதுக்குளா எப்பப் பாத்தாலும் கையவே வரையுத? மூஞ்சிய வரைஞ்சா என்ன?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“நாளைக்கு வரையுதேன் சித்தி.”

மறுநாள் நான் போனபோது பட்டுச் சேலை உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். சுளகு மூலையில் கிடந்தது. எனக்குக் கைகளின் படங்கள் இன்னும் மூன்று பாக்கி. அந்த அலங்காரம் என் படங்களுக்கு ஒத்து வராது. “இன்னைக்கு அந்தக் கையையே முடிச்சிடுதேன், முகத்தைப் பைய வரையலாம்” என்றேன். அவள் உள்ளே போய்ப் பழைய சேலைக்கு மாறி வந்து, சுளகை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் வரையவில்லை.

படங்களைப் புகைப்படம் எடுக்க டவுணில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டுடியோ ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணாச்சி விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டே படத்தை வெகுநேரம் பார்த்தார். “யாரு கை தாயி இது? உங்க அம்மையா?” என்றார்.

“ஆமா” என்றேன். எதிர்வீடு, சித்தி, சொந்தமில்லை என்றெல்லாம் விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது. அவர் அதற்குப் பிறகு படங்களைத் தொடும்போது இன்னும் பதமாகத் தொட்டார். அதை நான் கவனித்தேன்.

கட்டுரையின் முதல் வரியை “எங்கள் தெருவில் ஒரு பெண் பீடி சுற்றுகிறார்” என்றுதான் தொடங்கியிருந்தேன். மூத்தவர் வாசித்துவிட்டு, “யாரோ ஒருத்தர்னு தள்ளி நிக்குதே” என்றார். ‘ஒரு பெண்’ என்பதை அழித்து ‘என் அம்மா’ என்று போட்டேன். அந்த ஒன்றை மாற்றியதும் மற்ற வரிகளும் மாற வேண்டியதாயிற்று. என் குழந்தைப் பருவம் புகையிலை மணத்தில் கழிந்தது என்று வந்தது. அம்மா படிக்காதவள் என்று வந்தது. ராத்திரி அவள் விரல்களுக்கு நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டதாகவும் வந்தது. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது. அனுப்பிவிட்டேன்.

இந்தத் தடவை நேர்காணலுக்கு அழைத்தார்கள். வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் பேசினால் போதும். அம்மா அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். வீட்டில் சத்தம் கேட்கக் கூடாதென்று குக்கரை வைக்கவில்லை, மோட்டாரைப் போடவில்லை, மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு அடுக்களையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுக்களைக்கும் நான் இருந்த இடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

மூன்று பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டார்கள், நானும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அம்மாவுக்கு அவ்வளவு வேகமான ஆங்கிலம் புரியாது என்ற தைரியம் எனக்கு இருந்தது. நடுவில் இருந்த அம்மையார் கடைசியில் சிரித்துக்கொண்டே, “எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கொஞ்சம் தமிழ்லயே பேசுவோமே” என்றார்.

“சரி, மேடம்” என்றேன்.

“உங்க அம்மா எத்தனை வருஷமா பீடி சுத்துறாங்க?”

திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

“இருபது வருஷமா, மேடம்.”

“படிக்கவே இல்லையா?”

“இல்ல. கையெழுத்து மட்டும் போடுவாங்க.”

“வீட்ல இருந்தா கூப்பிடுங்களேன். ஒரு வணக்கம் சொல்லிடறோம்.”

“வெளிய போயிருக்காங்க, மேடம். இலை வாங்க.”

அந்தக் கடைசிப் பதிலை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யோசிக்காமலே வந்தது. நேர்காணல் முடிந்து கணினியை மூடினேன். எழுந்திருக்கப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு காபியோடு வந்தாள்.

“முடிஞ்சுட்டா?”

“ம்.”

டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டாள். மோட்டாரைப் போட்டாள். மத்தியான ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோதுதான் பேசினாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “எதிர்வீட்டுக்காரி அஞ்சாப்பு வரைக்கும் படிச்சிருக்கா. நான் படிச்சிட்டுக் குடுக்கிற வாரப் பத்திரிகைய ஒரு எழுத்து விடாம வாசிப்பா. கையெழுத்து மட்டும்தான் தெரியும்னு சொல்லிட்டியே.”

“அம்மா, அது வந்து...”

“போய் அரிசியக் களைஞ்சு வை.”

தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

இடம் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டு அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாக ‘ஆசிரியை’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். “பொய்யா எழுத எனக்கு வராது. அங்கன யாரும் கேட்டா நீயே சொல்லிக்கோ” என்றாள். யாரும் கேட்கவில்லை. அந்தப் படிவத்தைப் பார்ப்பவர்கள் வேறு, கட்டுரையைப் படிப்பவர்கள் வேறு.

அங்கே போன முதல் மாதத்திலேயே, நேர்காணலில் தமிழில் பேசிய அந்தப் பேராசிரியை அம்மையார், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு ஓவியரிடம், “பீடித் தொழிலாளியோட மகள்” என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் கைகூப்பிச் சிரித்தேன். விடுதியில் என் அறைத்தோழி அம்மாவைப் பற்றி அடிக்கடி விசாரிப்பாள். புகையிலைத் தூள் நெஞ்சுக்கு ஆகாதே என்று அவள் ஒரு நாள் சொல்ல, நானும் ஆமாம், இருமல் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அவளுடைய அக்கா மருத்துவர். மார்பை எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொல், அக்காவிடம் காட்டுகிறேன் என்றாள். வாரா வாரம் கேட்டாள். அம்மா எடுக்கப் போகிறாள், எடுத்தாயிற்று, இன்னும் கைக்கு வரவில்லை என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை அவளுடைய அக்காவே என்னைப் போனில் கூப்பிட்டு, சளியில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த அக்கறையைத் தாங்க முடியவில்லை. இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, நேரே அந்த அம்மையாரின் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படங்களுக்காகத்தான் எடுத்தோம்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஆனா அப்படிச் சொல்ல முடியல” என்றார். “கடைசி ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் இருந்தீங்க. அந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு நான்தான் உங்களுக்காகப் பேசினேன்.”

“இன்னொருத்தர் யாரு மேடம்?”

“அது உங்களுக்கு எதுக்கு?”

அவர் சொன்னபடி உண்மையை எழுதிக் கொடுத்தேன். அதைப் பழைய கட்டுரையோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார்கள். துறையில் கூடிப் பேசினார்கள். என்னை வெளியே அனுப்பவில்லை. அந்த வருஷக் கண்காட்சியில் மட்டும் என் படங்களை வைக்கவில்லை. திறப்பு நாளன்று மற்றவர்களுடைய படங்களுக்கு ஆணி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இன்னொருத்தர் யாராக இருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். ஆணா பெண்ணா, எந்த ஊர், மறுபடியும் விண்ணப்பித்தாரா, ஒன்றும் தெரியாது.

அறைத்தோழியிடமும் சொன்னேன். “அப்போ உங்க அம்மாவுக்கு இருமலே இல்லையா?” என்றாள். இல்லை என்றேன். “நல்லது” என்றாள். அதற்குப் பிறகு வீட்டைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் விசாரித்ததில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். சித்தியிடமும் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலிலேயே தீர்மானித்திருந்தேன். இருந்தாலும் நாலு நாள் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் போய் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். சித்தி கையை நிறுத்தவில்லை.

“அம்மைன்னா எழுதின? உங்க அம்மைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல.”

நூலை அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அத இங்கிலீசுலதானே எழுதியிருப்ப? வாசிச்சுக் காட்டு. தமிழ்ல சொல்லு.”

போனில் அந்தக் கட்டுரை இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எந்தக் கேலியும் இல்லாமல், கடிதம் வாசிக்கக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். புகையிலை மணம் தாலாட்டுப்போல இருந்தது என்ற வரி வந்ததும் தடுத்தாள்.

“தாலாட்டா? அந்த நெடி யாருக்குளா பிடிக்கும்? சின்னப் பிள்ளைய பக்கத்துல விட மாட்டோம். தும்மித் தும்மி மூக்கெல்லாம் செவந்துபோவும்.”

விரலுக்கு எண்ணெய் தடவும் இடத்தில், “எண்ணெ தொட்டா இலை வழுக்குமே” என்றாள். மற்றபடி கடைசி வரைக்கும் கேட்டாள். முடித்த பிறகு கொஞ்ச நேரம் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எனக்கு ஒத்தப் பிள்ளைன்னு எழுதியிருக்க.”

“ஆமா சித்தி.”

“அப்ப எம்மவன் எங்க போனான்?”

அவளுக்கு ஒரு மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சின்ன வயதில் எங்கள் தெருவில் என்னோடு விளையாடியவன். கட்டுரை எழுதிய அந்த ஒரு வாரத்தில் அவன் ஞாபகமே எனக்கு வரவில்லை. நான் மகளாகப் போய் உட்கார, அவன் இடம் இல்லாமல் போயிருக்கிறான்.

“மறந்துட்டேன் சித்தி” என்றேன்.

“சரி” என்றாள். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மன்னித்ததாகவும் தெரியவில்லை. “மோர் குடிக்கியா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் நோட்டும் கரிக்கோலும் எடுத்துக்கொண்டு போனேன். பழக்கத்தில் கை எடுத்துவிட்டது. நான் நோட்டைப் பிரித்ததும் சித்தி தலையை ஆட்டினாள்.

“இன்னைக்கு வேண்டாம்ளா. சும்மா இரு.”

நோட்டை மூடி வைத்தேன். அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், கடையநல்லூர்ப் பக்கம் ஒரு இடம் வந்திருப்பதாகவும், பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருப்பதாகவும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.