என் தோளில் இருந்த கை

எங்கள் அக்காவைப் படத்திலிருந்து அழித்தவர் நீங்கள்தான், மாஸ்டர். முகத்தை அழித்தீர்கள், உடம்பை அழித்தீர்கள். கையை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கேசட் அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. பளபளக்கும் நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு நான்கு பெண்கள் சிரிக்கிறோம். முன்னால் நிற்பவள் நான். என் வலது தோளில் நான்கு விரல்கள் தெரிகின்றன. விரல்களுக்குப் பின்னால் ஆள் இல்லை, கறுப்பு வண்ணம்தான் இருக்கிறது. கேசட் வாங்கிய யாரும் இது யார் கை என்று கேட்கவில்லை.

படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் ஐந்து பேரும், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற நீலசந்திராவில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. எங்களைவிட ஒரு வயது பெரியவள், அவ்வளவுதான். அவளுடைய அப்பா கார்ப்பரேஷனில் தெருக்கூட்டினார். மாஸ்டர் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். பள்ளிக்கூட விழாவில் நாங்கள் பாடியதைக் கேட்டுவிட்டு, வீடு வீடாக வந்து பெற்றவர்களிடம் பேசி, தன் வீட்டுக் கார் ஷெட்டில் எங்களைப் பாட வைத்தார். வாத்தியம் குறைவு, குரல்தான் எல்லாம். தமிழிலும் கன்னடத்திலும் பாடுகிற பெண்கள் குரூப் ஒன்று டிவியில் வரப்போகிறது என்றார். நம்பினோம். அவர் உழைத்தார், அதை நான் மறுக்கவில்லை.

ஷெட்டில் ஒரே ஒரு மைக். எங்கள் நாலு பேர் குரலையும் சேர்த்தாலும் அக்காவின் குரலுக்கு ஈடாகாது. மைக்குக்குப் பக்கத்தில் அவள் நின்றால் நாங்கள் காணாமல் போய்விடுவோம். அதனால் அவளை எப்போதும் பின்னால் நிறுத்துவார். பாட்டின் முக்கியமான வரிகள் எல்லாம் அவளுக்குத்தான், ஆனால் நிற்பது பின்னால். எனக்குத் தாளம் சரியாக நிற்காது. அவள் என் தோளில் கை வைத்துக்கொண்டு, நான் ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் விரலால் அழுத்துவாள். அழுத்தினால் பாடுவேன். கேசட் முழுவதும் அப்படித்தான் பாடினேன்.

அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர், "நீங்க பாடறப்போ எப்டி நிப்பீங்களோ அப்டியே நில்லுங்கம்மா" என்றார். நாங்களும் மைக் முன்னால் நிற்கிற மாதிரியே நின்றோம். அக்கா பின்னால், கை என் தோளில். வேறு எப்படி நிற்பது என்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் நின்றவளை அழிப்பது எவ்வளவு சுலபம் என்பதும் தெரியாது.

கேசட் வந்தது. கடைகளில் ஓடியது, கேபிள் டிவியில் ஓடியது. ஏரியா கணேசா விழா மேடைக்கு நாலு பேரை மட்டும் கூப்பிட்டீர்கள். டேப் ஓடும், வாயசைத்தால் போதும் என்றீர்கள். அக்கா பாடிய வரிகளுக்கு எங்களில் சிவப்பாக இருந்தவளை வாயசைக்கச் சொன்னீர்கள். அக்காவுக்கு ஜுரம் என்று எங்களிடம் சொன்னீர்கள்.

அவளுக்கு ஜுரமெல்லாம் இல்லை. கூட்டத்தில் அம்மாவோடு நின்றிருந்தாள். தன் வரி வந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை, வாய்விட்டுப் பாடிவிட்டாள். முன்னால் இருந்த பெண் திரும்பி, "ஏ பொண்ணே, சும்னே இரு! பாட்டு கேக்க விடு" என்றாள். அக்காவின் அம்மா, "பாடறதே எம் பொண்ணுதான்டி, நல்லா கேட்டுக்கோ" என்றாள். "அப்போ மேடையில நிக்கிறது இன்னா, இவளோட பேயா?" என்று யாரோ சொல்ல, சுற்றிலும் சிரிப்பு. மறுநாள் காலை தண்ணிக் குழாயடியில் அக்காவின் அம்மா இதை எல்லோர் முன்னாலும் என்னிடம் சொல்லி அழுதாள்.

அன்றே ஷெட்டுக்கு வந்தேன். "அக்காவை ஏன் மாஸ்டர் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். நீங்கள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "குரல் வேற, குரூப் வேற. ஜனங்க பாக்க வர்றாங்கம்மா, கேக்க இல்ல" என்றீர்கள். அவள் கறுப்பு, குண்டு, அப்பா கையில் துடைப்பம். இதில் எது முதல் காரணம் என்று நீங்கள் சொல்லவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி உங்கள் கீபோர்டு மேல் போட்டுவிட்டு வந்தேன். என் இடத்துக்கு ஒருத்தி வந்தாள். குரூப் காலேஜ் விழாக்களுக்குப் போனது, டிவிக்குப் போனது, ஊரெல்லாம் போனது. டேப் மட்டும் மாறவில்லை.

இதோடு போயிருந்தால்கூட மறந்திருப்பேன். அக்கா வேறு ஆர்கெஸ்ட்ராக்களில் பாட வாய்ப்புக் கேட்டுப் போனாள். ஓர் இடத்தில் இரண்டு வரி பாடியதுமே நிறுத்தச் சொன்னார்கள். "அந்த குரூப் பொண்ணு மாதிரியே பாடறியேம்மா. காப்பி அடிக்காத, சொந்தக் குரல்ல பாடு" என்றார்கள். அடுத்த இடத்திலும் அதே பேச்சு. வீட்டுக்கு வந்து என்னிடம், "எங்கிட்ட வேற குரல் இல்லயே, இன்னாடி பண்றது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கும் பாடவில்லை. இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறாள். சூப்பர்வைசர் செல்போனில் அந்தப் பாட்டு ரிங்டோனாக அடிக்கிறது.

போன மாதம் அந்தக் கேசட்டை சிடியாக வெளியிட்டீர்கள். மேடையில், "நாலு குரலைக் கண்டுபிடிச்சவன் நான்" என்று பேசினீர்கள். நானும் ஒரு சிடி வாங்கினேன். அதே படம், அதே நீல ஜாக்கெட். என் தோளைப் பார்த்தேன். கை இல்லை. கம்ப்யூட்டரில் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஜாக்கெட் துணியை அந்த இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

இத்தனை வருடமும் அந்தக் கையை நீங்கள் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கவனித்திருக்கிறீர்கள். உட்கார்ந்து, பார்த்து, இதை எடு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

பழைய அட்டை என் கையில் இருக்கிறது. யார் கேட்டாலும் காட்டுவேன். அடுத்த மேடையில் மைக்கைப் பிடிக்கும்போது சொல்லுங்கள் மாஸ்டர், எல்லோரும் கேட்க, பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ள: என் தோளில் இருந்தது யார் கை? பாடியது யார்?