முழு மதிப்பெண்

ஜெர்மனியில் ஓர் அமெரிக்கப் படைமுகாமுக்குள், படைவீரர்களின் பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளிக்கு நான் கணினி பழுது பார்க்கப் போவேன். அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நெட்டை உருவம், நரைத்த மீசை, எப்போதும் அதே சாம்பல் நிற ஸ்வெட்டர். வகுப்பில் பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் அதட்ட மாட்டார். கதவோரம் நின்று, வானொலி கேட்பவர் போல அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான் போனபோது வகுப்பில் சத்தமே இல்லை. குனிந்த தலை நிமிராமல் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மேசையில் திருத்திய விடைத்தாள்கள் கிடந்தன.

“பிரமாதம் சார்! எல்லாரும் ஃபுல் மார்க் வாங்கியிருக்காங்களே!” என்றேன்.

அவர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

“சந்தோசப்படாதேங்கோ தம்பி. போன மாசம் இதில பாதிப் பேர் ஃபெயில். தகப்பன்மார் சண்டைக்குப் போகப்போகினம் எண்டால் பிள்ளையள் இப்பிடித்தான் படிப்பினம். தாங்கள் குழப்படி செய்யாட்டி அப்பா போகமாட்டார் எண்டு நினைக்கினம்.”

“உத்தரவு வந்துடுச்சா சார்?”

“எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையளுக்கு எப்பிடியோ தெரிஞ்சிடும். எங்கட சண்டைக்குள்ள நானும் இப்பிடித்தான் படிச்சனான்.”

அவரை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் இடைவேளை மணி அடித்தது. அவர் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டு, வழக்கமான இடத்தில் நின்றார்.

ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.