மருந்துக்கு அடங்காத ஜுரம்

அறுபதுகளின் கடைசியில் நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த அரசு ஆஸ்பத்திரி, மீஞ்சூரைத் தாண்டிப் பழவேற்காடு போகிற வழியில் இருந்தது. சில கட்டில்கள், ஒரே டாக்டர். டாக்டரம்மா நடுவயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். விஷ ஜுரம் என்றால் அப்போது எங்களுக்குப் பெரிய பயமில்லை. குளோரம்பெனிகால் என்ற காப்சூல் இருந்தது. வாரக்கணக்கில் ஆளை உருக்கிப்போடும் டைபாய்டு அதைக் கொடுத்தால் நாலைந்து நாளில் இறங்கிவிடும். ஏரியில் இறால் பிடிக்கிறவர்களும் புதுத் தொழிற்சாலைகளுக்கு மண் சுமக்கிறவர்களும் அதை 'டைபாய்டு மாத்திரை' என்பார்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் எங்கள் கடைத்தெரு மருந்துக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. சளி பிடித்தாலும் அதுதான், வயிற்றுப்போக்கு என்றாலும் அதுதான்.

என் கணவர் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலைய வேலையில் வெல்டராக இருந்தார். வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தும், உடம்பு சுட்டால் அவர் அந்தக் கடைக்குத்தான் போவார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தா இன்னா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"லைன்ல நின்னுக்கினு இருந்தா அன்னிக்குக் கூலி போச்சு. ரெண்டு போட்டேன், ஜுரம் உட்டுச்சு. அவ்ளோதான?"

"பாதியில நிறுத்தக்கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது?"

"உடம்பு நல்லா ஆனப்புறம் எதுக்கு மாத்திரை துன்னணும்?"

ஊரே அப்படித்தான் நினைத்தது. நானும் அதற்குமேல் சண்டை போடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், கூடையில் இறால் விற்றுவந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்து சேர்த்தார்கள். எனக்கு ஒத்த வயது. கடை மாத்திரை போட்டுப் பார்த்து, இறங்காமல்தான் எங்களிடம் வந்திருந்தாள். டாக்டரம்மா முழு அளவில் மருந்தைத் தொடங்கினார். வழக்கமாக ஜுரம் இறங்கவேண்டிய நாள் வந்தது. தெர்மாமீட்டரை உதறி மறுபடி வைத்துப் பார்த்தேன். பாதரசம் அதே இடத்துக்குத்தான் ஏறியது.

"மருந்து போலியா இருக்குமோ?" என்றார் டாக்டரம்மா. வேறு பெட்டி வரவழைத்தோம். அதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வருவதற்குள் அவளுக்குக் குடலில் ரத்தக்கசிவு கண்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்றினோம். மீஞ்சூர் தாண்டுவதற்குள் போய்விட்டாள்.

அவளுடைய அக்கா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "போன வருசம் எங்க அண்ணனுக்கும் இதே மாத்திரதானம்மா குட்த்தீங்க? அதுக்கு கேட்டுச்சே. இவளுக்கு மட்டும் ஏன் கேக்கல?"

பதில் மெட்ராஸிலிருந்து பிறகுதான் வந்தது. அவள் ரத்தத்தில் இருந்த கிருமி, அந்த மருந்தை வைத்த சோதனைத் தட்டிலேயே தழைத்து வளர்ந்திருந்தது. டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கிருமி மருந்தைப் பழகிடுச்சும்மா. இது ஒருத்தரோட நிக்காது."

நிற்கவில்லை. அதே தெருவில் இன்னும் சிலர் படுத்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் என் கணவர் எழுந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தார். நெற்றி கொதித்தது, நாக்கு வெள்ளை பூத்திருந்தது. நாடி மட்டும் அந்தக் கொதிப்புக்குப் பொருந்தாமல் மந்தமாக ஓடியது; டைபாய்டு அப்படித்தான் காட்டும். எத்தனை பேருக்கு நாடி பார்த்திருப்பேன்! அன்று எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"கடையில வாங்கிப் போட்டீங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"என்னாலதான் இப்டி ஆச்சா?" என்று டாக்டரம்மாவிடம், மெட்ராஸுக்குப் போகும் ஜீப்பில் கேட்டார்.

"உங்க ஒருத்தராலன்னு சொல்ல முடியாது. ஊரே போட்டுது" என்றார் அவர்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் வேறொரு புது மருந்தை ஊசியாகப் போட்டார்கள். எங்கள் பக்கம் அதுவரை வராத மருந்து. பல நாள் கழித்து ஜுரம் விட்டது. தலைமுடி கொட்டி, கன்னம் ஒட்டி, யாரோ போல வீட்டுக்கு வந்தார். வெல்டிங் துப்பாக்கியைத் தூக்கும் தெம்பு வர அடுத்த கோடையாகிவிட்டது.

இதற்கிடையில் மாவட்ட சுகாதாரக் கூட்டம் வந்தது. நானும் போயிருந்தேன். டாக்டரம்மா எழுந்து, சீட்டில்லாத விற்பனையைத் தடுக்காவிட்டால் இருக்கிற மருந்தெல்லாம் தண்ணீராகிவிடும், நாடு முழுக்க இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்றார். மேடையிலிருந்த அதிகாரி கோபப்படவில்லை.

"சட்டம் இருக்குதே டாக்டர். ஆனா உங்க பக்கத்துல எத்தனை கிராமத்துக்கு நீங்க ஒரே ஆளு? நாளைக்கே கடையை அடைச்சிட்டா ஜனங்க எங்க போவாங்க?"

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தோற்று உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். கடைசியில், மேலிடத்துக்குத் தெரிவிப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அவர் மருந்துக்கடை வாசலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"நான் குடுக்கலன்னா பஸ் ஏறிப் பொன்னேரில வாங்கிக்கினு வருவாங்க டாக்டரம்மா. என்னை மட்டும் பேஜார் பண்ணி இன்னா பிரயோஜனம்?" அவர் பின்னால், கண்ணாடி அலமாரியில், மெட்ராஸில் ஊசியாகப் போட்ட அந்தப் புது மருந்தின் காப்சூல் பெட்டிகள் இருந்தன. டாக்டரம்மா அவற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கடையை நிறுத்த முடியாதவர் கிணறுகளைப் பிடித்தார். பஞ்சாயத்தாரை விரட்டி, குடிதண்ணீர்க் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போடவைத்தார். நான் வீடுவீடாகப் போய், கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னேன். "தண்ணி நாறுது" என்று திட்டினார்கள். ஆனால் அடுத்த மழையில் எங்கள் ஊரில் ஜுரக்காரர்கள் குறைந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

அந்த மழை முடிகிற சமயத்தில், கும்மிடிப்பூண்டி தாண்டி ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கொண்டுவந்தார். அதே ஜுரம். "நைனா, தண்ணி" என்று அந்தப் பெண் முனகிக்கொண்டே இருந்தாள். இந்த முறை புது மருந்து எங்கள் கையிலேயே இருந்தது. போட்டோம். பிழைத்தாள். அவள் அப்பா டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர்கள் போனபிறகு டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"இந்தப் புது மருந்துல உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை நாள்ல ஜுரம் விட்டுது, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. இவளுக்கு அதைவிடத் தாமதமாகத்தான் விட்டது.