ஐ.பி. போட்டவரின் மனைவி

நகரியில் எங்களுக்குச் சொந்தமாக பவர்லூம்கள் இருந்தன. நூல் விலை ஏறியதும் என் கணவர் கடன் வாங்கினார். அதை அடைக்க இன்னொரு கடன். எனக்குத் தெரிய வந்தபோது சித்தூர் கோர்ட்டில் மனுவே போட்டு முடித்திருந்தார். கடனைத் தீர்க்க வழியில்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பதை எங்கள் பக்கம் ஐ.பி. போடுவது என்பார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போனேன்.

"நீங்க எதுலயாவது சைன் பண்ணீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப உங்கள யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நிம்மதியா போங்க."

பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த தூக்கம்.

வீட்டு வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் பன்னிரண்டு வருடம் நூல் சுற்றியவள். கையில் கோர்ட் நோட்டீஸ்.

"தெலுங்குல கீதுக்கா. இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சி சொல்லு."

படித்தேன். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் கடைசியில் அவள் பெயர். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை என் கணவரிடம் கொடுத்திருக்கிறாள். அது வராது என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கத்தவில்லை. "அண்ணன நம்பி நான் குடுக்கலக்கா. உன் மொகத்தப் பாத்துதான் குடுத்தேன்" என்று காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே கணவர் கட்டிலில் இருந்தார். "எல்லாத்தையும் கேட்டுக்கினுதான இருந்தீங்க?" என்றேன்.

"லிஸ்ட்ல அவ பேரு கீது. கோர்ட்டு பாத்துக்கும்."

அன்றிலிருந்து பொட்டு வைக்கக்கூட கண்ணாடியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விரல் பழக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தேன். அலிபிரி பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சம்பளம் வந்ததும் நகரிக்குப் போய் அவளிடம் ஒரு பங்கைக் கொடுப்பேன். வாங்கி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் அதற்குள் கலைந்துவிட்டிருந்தது. ஒருமுறை திரும்பி வரும்போது வடமாலபேட்டையில் பஸ் ஏறிய ஒரு பெண்ணை அவள் மகள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். திருப்பதி வரை நிமிரவில்லை. இறங்கும்போது பார்த்தால், யாரோ.

நான்கு வருடத்தில் முழுவதும் கொடுத்து முடித்தேன்.

"தீந்துபோச்சிக்கா. இனிமே நீ வராத" என்றாள்.

"என் மேல கோவமா?"

"கோவம் இல்ல. நீ வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் என் பொண்ணு சோறு துன்ன மாட்டேங்குது."

அதன்பின் போகவில்லை. சம்பளம் வரும் நாளில் மட்டும் கால்கள் தாமாகவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றுவிடுகின்றன.