கோபேர் கொண்டுபோய்க் கொடுத்த மண்

கோபேர் பிறந்ததே மோன்வல் கோட்டையின் குதிரை லாயத்தில். அவன் அப்பனும் அங்கே பண்ணையாள்தான். அதனால் அன்செல்ம் பிரபு சிலுவைப் போருக்குக் கிளம்பியபோது, குதிரையோடு சேர்த்து அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

புனித நாட்டில், ஆக்கர் கோட்டைக்கு வெளியே போட்ட பாசறையில் காய்ச்சல் பரவியது. குதிரை செத்தது. கூட வந்த வீரர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். கோபேர் மட்டும் எஜமானைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை வரை நடந்தான். கப்பலுக்காகக் காத்துக் கிடக்கையில் அன்செல்ம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்குப் போனதும் ஆத்தங்கரை நிலம் உனக்குத்தான்டா. நீயும் உன் புள்ளைங்களும் இனி யாருக்கும் அடிமை இல்ல."

ஊர் திரும்பி வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி ஏலிஸ் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சொன்னாரா, இல்ல அவர் காய்ச்சல் சொல்லுச்சா?"

"நல்ல நெனவோடதான் சொன்னார்."

"அப்ப ஏன் இங்க வந்து வாயே தெறக்கல?"

வசந்தம் பிறந்ததும் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை நிலத்திலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டி வெட்டிக்கொண்டு கோயிலுக்கு வரச் சொல்லி அன்செல்ம் ஆள் அனுப்பினார். நிலம் கைமாறும்போது மண்ணை எடுத்துக் கொடுப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். ஏலிஸ்கூட அன்று நம்பிவிட்டாள். அவளே கத்தியால் புல் வேர் அறுபடாமல் பார்த்து வெட்டினாள். மகன் ஓடோனுக்கும் மகள் எர்சாவுக்கும் தலை சீவிவிட்டாள்.

கோயிலில் அன்செல்ம் மண்கட்டியை வாங்கி முத்தமிட்டார். கை நீட்டி நின்ற கோபேரைத் தாண்டிப் போய்ப் பலிபீடத்தில் வைத்தார். பக்கத்தில் நின்ற துறவி மடத்துத் தலைவர் உரக்கச் சொன்னார்: "இந்த நிலம், இதன் நீர், மரம், இதற்குரிய ஆட்களான கோபேர், அவன் மனைவி, மக்கள் எல்லாம் இன்றுமுதல் மடத்துக்குச் சொந்தம்."

ஊரே அவனைத் திரும்பிப் பார்த்தது.

வாசலில் கோபேர் அன்செல்மை மறித்தான். "ஐயா, எனக்குன்னு சொன்னீங்களே."

"திரும்பி வர்றப்போ புயல் அடிச்சது ஞாபகம் இருக்கா? உசுரோட கரை சேர்ந்தா அந்த நிலத்தைத் தர்றேன்னு ஆண்டவர்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"என்கிட்ட சொன்னது அதுக்கு முன்னாடி ஐயா."

"ஆண்டவரோட போட்டி போடுறியா நீ?" அன்செல்ம் சிரித்தபடி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதே தோள்தான் அவரைச் சுமந்தது.

சில ஆண்டுகள் கழித்து அன்செல்ம் இறந்தார். அவர் மகன் ரெனியே தானே கோபேரைத் தேடி வந்தான்.

"அப்பா உனக்குத்தான் முதல்ல கொடுத்தார்னு, மடத்து மேல நான் போட்ட வழக்குல சத்தியம் பண்ணு. மடத்துக்குக் கொடுத்தது செல்லாமப் போயிடும். நிலம் கைக்கு வந்ததும் உனக்கே தந்துடறேன்."

"வேணாம்யா, அதே ரத்தம்தானே," என்று அவன் போனதும் சொன்னாள் ஏலிஸ். ஆனால் நடந்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்று கோபேருக்கு ரொம்ப நாளாகவே ஏக்கம். புனிதரின் எலும்புகள் இருந்த பேழைமேல் கைவைத்துச் சத்தியம் செய்து, கடற்கரையில் கேட்டதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாட்சியத்தைக் கண்டு மடம் பயந்தது. ரெனியேயோடு சமரசத்துக்கு வந்தது. நிலம் பாதிக்குப் பாதி. ஆட்களும் அப்படித்தான்: கோபேர், ஏலிஸ், ஓடோன் மடத்துக்கு. எர்சா கோட்டைச் சமையலறைக்கு.

"பாதிதானே கெடச்சது, அதுல உனக்கு எங்க பங்கு?" என்றான் ரெனியே. எர்சாவை அன்றே கூட்டிப் போனார்கள். அவள் போகும்போது அழவில்லை. "ஏம்ப்பா போய்ச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

எர்சாவைக் கோட்டையிலிருந்து மீட்க வழியில்லாமல், அடுத்த சந்தை நாளில் மற்ற மூவரும் வண்டிகளோடு கலந்து ஊரைவிட்டு வெளியேறினார்கள். மதில் சூழ்ந்த நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தால், தப்பி வந்த பண்ணையாள்மேல் யாரும் உரிமை கோர முடியாது. தோல் பதனிடுபவன் ஒருவனின் கொட்டகையில் முடங்கிக் கிடந்து அந்தக் கெடுவைக் கடந்தார்கள். கோபேருக்கு ஒரு சத்திரத்து லாயத்தில் வேலை கிடைத்தது.

சில வருடங்கள் போய் ஒருநாள் ரெனியே அங்கே வந்து இறங்கினான். "கோபேர், குதிரையைப் பிடி."

கோபேர் கையைக் கட்டிக்கொண்டான். "என் பொண்ண அனுப்புங்க, பிடிக்கிறேன்."

"அவளை மடத்து ஆள் ஒருத்தனுக்குக் கட்டிக் கொடுத்தாச்சு. இப்போ அவ பிள்ளைங்களை எனக்கும் மடத்துக்கும் பிரிக்கிறதுலதான் பேச்சு ஓடுது."

குதிரையை வேறொருவன் வந்து பிடித்துக்கொண்டான். கோபேர் உள்ளே போய் வைக்கோலைக் கிளறிக்கொண்டு நின்றான். அன்று மாலை ஏலிஸிடம் எல்லாவற்றையும் சொன்னான். எர்சாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.