ஷோகேசுக்கு அடங்காத கப்பல்

நாமக்கல்லிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அதனால்தானோ என்னவோ, பந்தயப் பாய்க்கப்பல் செய்வதில் இந்த ஊரில் எனக்குப் போட்டியே இல்லை.

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் பெயிண்டர். எனக்குப் பேச வராது. பட்டறையில் அது ஒரு குறையில்லை. கம்ப்ரசர் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வீட்டுக்கு வந்தால் செல்போன் பார்ப்பேன். ஒருநாள் அதில் வெளிநாட்டுக் கிழவர்கள் சிலர் குளக்கரையில் ஆளுக்கொரு ரிமோட்டோடு நின்று, தங்கள் தோள் உயரமுள்ள பாய்க்கப்பல்களைப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நமக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு என்று தெரிந்துவிட்டது.

கிட் ஒரு பெட்டியில் வந்தது. மெல்லிய மரத் தகடுகள், பாய்த்துணி, நூல், சுக்கானைத் திருப்பச் சின்ன மோட்டார், கப்பலுக்கு அடியில் தொங்கவிட ஒரு நீளப் பட்டை, அதன் நுனியில் மாட்ட ஈயக்குண்டு. கூடவே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். நான் ஐந்தாவது வரை படித்தவன். அதனால் படங்களை மட்டும் பார்த்துச் செய்தேன். படத்தில் இல்லாத இடங்களைப் பட்டறை அறிவால் நிரப்பினேன். லாரி கேபினுக்குப் போடுவதுபோல் பட்டி போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் அடித்து, அதற்கு மேல் வார்னிஷும் கொடுத்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். வீட்டு சிமெண்டுத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். எருமை மாதிரி உடம்பை அமிழ்த்திக்கொண்டு மூக்கை மட்டும் வெளியே நீட்டியது.

லாரியில் எடை கூடினால் செக்போஸ்டில் பேசிச் சமாளிக்கலாம். தண்ணீரிடம் பேச முடியாது, அதுவும் நான். போட்டதையெல்லாம் உப்புத்தாளால் சுரண்டி எடுத்தேன். போட்டதைவிட எடுக்கத்தான் அதிக நாள் ஆனது. பட்டறை வெல்டர் தினமும் விசாரிப்பார்.

"ஏனுங்ணா, உங்க கப்பலு முட்டை லோடு அடிக்குமுங்களா?"

சிரித்துவைப்பேன். பதில் அடுத்த நாள் காலையில்தான் தோன்றும்.

இப்படி ஒருவழியாகக் கப்பல் முடிந்த நேரத்தில் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். இந்தியாவில் அவர் ஓட்டை போடாத மாநிலம் குறைவு. புது வீடு கட்டி முடித்து, அதில் சுவரகலத்துக்கு ஒரு ஷோகேஸும் அடித்திருந்தார். அதில் வைக்கத்தான் ஒன்றுமில்லை.

"அண்ணா, இந்தக் கப்பல எடுத்துக்கிட்டுப் போயி வெச்சுக்கங்க" என்றாள் என் மனைவி. எனக்குத் தெரியாமல் சொல்லவில்லை, என் எதிரில்தான் சொன்னாள். நான் மறுக்க மாட்டேன் என்பது எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்குச் சமமான அத்தாட்சி.

மச்சான் சாண் போட்டு அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்ள, இது ஷோகேசுக்கு அடங்காதுங்களே. அடியில தொங்குறது வெறும் ஸ்டாண்டுதானுங்க? அத அறுத்துரலாம். மேல இருக்குற குச்சியும் பாதி போதும்."

"ம்" என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். ஊரே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள். "ஏனுங்க, அத அறுத்தா கப்பலு ஓடுமுங்களா?"

"ஓடாது. கவுந்துரும்."

"அத அண்ணங்கிட்டச் சொல்ல வேண்டீதுதான?"

"சொல்லோணும்."

சொன்னேன். பட்டறைச் சுவரிடம் நன்றாக எடுத்துச் சொன்னேன். அது எதிர்த்துப் பேசவில்லை.

ஆடியில் யாரும் புது வீடு புகுவதில்லை. அதனால் ஆவணிவரை என் கப்பலின் கால் தப்பித்தது. ஆடியில் காற்றும் உண்டு. அம்மி பறக்கும் என்று பெயரெடுத்த காற்று, ஒரு கப்பலைத் தள்ளாதா? அறுக்கும் முன் ஒரே ஒரு தடவை தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று மனைவி மூலமாக மனுப் போட்டேன். மச்சான் உடனே ஒத்துக்கொண்டார்.

"புது வண்டிங்க. பூஜை போடாம எப்படி ஷோகேஸ்ல ஏத்தறது?"

மோகனூர் ஆற்றில் விடலாம் என்றார். மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள். விட்டிருந்தால் கப்பலை ஸ்ரீரங்கத்தில் போய்த்தான் சேவித்திருக்க வேண்டும். அதனால் எங்கள் ஊர் ஏரிக்குப் போனோம். ஏரி என்று பெயருள்ள இடத்தில் தண்ணீரும் இருந்த அபூர்வமான வருஷம் அது.

மச்சான் தேங்காய் உடைத்தார். கப்பல் மூக்கில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிற்றைக் கட்டினார். அடுத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும். கப்பலுக்குச் சக்கரம் எங்கே? கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழங்களைத் தண்ணீரில் போட்டார். அவை மிதந்தன.

"ஏத்துங்க மாப்ள."

ஏற்றினேன். பழங்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. ஆனால் மூக்கில் கட்டிய கயிறு அடியில் புகுந்து சுக்கானைச் சுற்றிக்கொண்டது. கப்பல் ஒரே இடத்தில் வட்டமடித்தது.

"என்னுங்க, செக்கு மாடாட்டம் சுத்துது?" என்றார் மச்சான். "அந்தக் குண்டுதான் புடிச்சு இழுக்குது. அறுத்துப்போட்டா நேரா ஓடும் பாருங்க."

ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். அவர் கையால் கட்டிய திருஷ்டிக் கயிற்றை அவர் கண்ணெதிரிலேயே அறுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய கலவரம் அது. மனைவி உடைந்த தேங்காயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப்பலைக் காற்றுக்குத் திருப்பிவிட்டேன். பாய் நிறைந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சத்தமில்லாமல் போனது. அதைப்பற்றி எகத்தாளமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

நடு ஏரிக்குப் போனதும் மேற்கிலிருந்து ஒரு காற்று மொத்தமாக வந்து அறைந்தது. பாய் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துவிட்டது.

"முடிஞ்சுதுங்க" என்றார் மச்சான். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகையே வரும்போது அவர் சொல்லும் அதே குரல்.

காற்று கொஞ்சம் விட்டது. பாய் மெல்லத் தலையைத் தூக்கியது. தண்ணீரை உதறிக்கொண்டு நிமிர்ந்து, விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

கரையிலிருந்து, "எப்படிங்க எந்திரிச்சுது?" என்று மச்சான் குரல் கேட்டது.

நான் அவருக்கு முதுகைக் காட்டித் தண்ணீரில் நின்றிருந்தேன். முகம் தெரியாவிட்டால் எனக்குப் பேச்சு வரும்போலிருக்கிறது.

"நீங்க அறுக்கச் சொன்ன குண்டுதானுங்க மச்சான் தூக்கி நிறுத்துது. அத அறுக்கக் கூடாதுங்க."

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீரில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சான் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ரிமோட்டக் கொஞ்சம் குடுங்க."

பொழுது சாயும்வரை அவர்தான் ஓட்டினார். கோரைப்புல்லில் மாட்டியபோதெல்லாம் எடுத்துவிடும் பதவி எனக்குக் கிடைத்தது.

ஆவணியில் புது வீட்டுக்குப் போனேன். கப்பல் முழுசாக ஷோகேசுக்குள் நின்றிருந்தது. அது நின்ற தட்டின் கிரானைட்டில் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பட்டையை இறக்கி, ஆசாரியை விட்டுக் கீழ்த்தட்டில் ஈயக்குண்டை மாட்டியிருந்தார். அங்கே அது ஒரு வெள்ளிப் பிள்ளையாருக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவில் தொங்கியது. மேல்தட்டில் இன்னொரு ஓட்டை, அதில் பாய்மரம். மச்சான் போட்ட போர்களில் தண்ணீர் வராதவை எத்தனையோ. இந்த இரண்டில் மட்டும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குண்டின் மகிமையை அவரே விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒருமுறை விளக்கினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் மனைவியின் செல்போனில் கூப்பிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னார். அதுவரை கொடுக்கச் சொன்னதில்லை.

"மாப்ள, காத்து எந்திரிச்சிருச்சு. கப்பல ஏரிக்கு எடுத்துக்கிட்டுப் போகோணும். இந்தக் குண்ட எப்படிங்க கழட்டறது?"

"வாரேனுங்க" என்றேன். அதற்குள் ஸ்குரு டிரைவரைத் தேட ஆரம்பித்திருந்தேன்.