கவருக்குள் வந்த பூ

ஆராய்ச்சி என்றால் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்துப் பிழைக்க வைப்பார்கள், மீதிப் பேரைச் சும்மா விட்டு எப்போது சாகிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பது தாண்டிய ஆள் நம்புகிற விஷயமா இது? நம்பினேன். நம்பிக்கொண்டே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் போட்டேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில், ரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரையைச் சோதித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை விடக் கூடாது; அதோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குழுவுக்கு நிஜ மாத்திரை. கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதே நிறம், அதே வடிவம், உள்ளே மருந்தில்லாத போலி. யாருக்கு எது என்பதை, குலுக்கல் முறையில் எழுதி ஒட்டிய கவர் ஒன்று முடிவு செய்யும். நமக்குக் கிடைப்பது நம்பர் போட்ட டப்பா மட்டும்.

படிவத்தை விளக்கிய ஆய்வுப் பணியாளர் பெண்ணிடம் கேட்டேன். "எனக்கு எது அம்மணி வந்துருக்குது?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சா எங்க மூஞ்சியே உங்களுக்குக் காட்டிக் குடுத்துருமுங்க."

எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பிறகு யாருக்குத்தான் தெரியும்? எங்கள் பக்கம் இப்படிப்பட்ட விஷயத்துக்குக் கோயிலில் பூக் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சம்மதம். ஒட்டிய கவரும் அதேதானே என்று என் மூளைக்குப் பட்டது. திரும்பும் வழியில் ராசிபுரத்தில் இறங்கி, என் மாத்திரை நிஜமா என்று பூக் கேட்டேன். சிவப்பு வந்தது.

அங்கிருந்து ஊர் போகும்வரை பஸ்ஸில் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, கை சுளுக்கா?" என்று கண்டக்டர் கேட்டார்.

அடுத்த மாதம் மருத்துவமனையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மல்லசமுத்திரத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டி ஓய்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. எனக்கு அசையவில்லை. புது டப்பாக்களை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனோம்.

"இப்படி இறங்கிருச்சுன்னா உங்களுக்கு இனி மாத்திரை எதுக்குங்கண்ணா? கோழிக்குப் போடுங்க, அதாவது பொழைக்கட்டும்" என்றேன்.

அவர் டீ சிந்தச் சிரித்தார். கை கழுவ எழுந்து போனார். இரண்டு டப்பாவும் மேசையில் இருந்தன. என் டப்பாவை அவர் பையில் போட்டேன். அவருடையதை என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து என் அழுத்தம் இறங்கியிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

அந்தப் பெண் அவர் வீட்டுக்குப் போன் செய்துவிட்டு வந்தாள். "அவருக்குப் பக்கவாதமுங்கண்ணா. வலது கையும் காலும் வரலையாம்."

என் பைக்குள் டப்பா குலுங்கியது. நான் அசையாமல்தான் நின்றேன், ஆனாலும் குலுங்கியது. அன்றிலிருந்து நான் நடந்தால் அது பின்னால் நடந்தது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். சோற்றைப் பிசையும்போது கேட்டது. அவருடைய உயிரைத்தான் தினம் ஒன்றாக விழுங்கிவிட்டேன் என்று கணக்காக நம்பினேன். வீட்டில் யாராவது ஜோக் சொல்லச் சொன்னால் எழுந்து வாசலுக்குப் போனேன்.

தாங்க முடியாமல் போய் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"டப்பாவுல இருக்கற நம்பர்தாங்கண்ணா எங்களுக்கு ஆளு. அதை மாத்துனா ஆளையே மாத்துன மாதிரி."

"அப்ப நாந்தான் அவர விழுத்துனேனா?"

"பின்னால வந்ததெல்லாம் முன்னால நடந்ததாலதான்னு சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு எறங்குனதுக்கும் அந்த மாத்திரைதான் காரணம்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, விதிமீறல் என்று தலைப்பிட்ட தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

மல்லசமுத்திரத்துக்கு பஸ் ஏறினேன். அவர் வாசலில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். முகத்தில் ஒரு பக்கம்தான் சிரித்தது.

"ஆஸ்பத்திரி சிநேகிதருங்களா? வாங்க" என்றார் அவர் மனைவி. மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

"எங்கீங்க! போன மாசம் சேலம் போய்ட்டு வந்தவரு, எறங்கிருச்சு, இனி மாத்திரை எதுக்குன்னு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டாருங்க. பழைய மாத்திரையுந்தான். வெவரந்தெரிஞ்சவர் யாரோ சேலத்துல சொன்னாராமா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கை மடியில், சொல்ல வேண்டாம் என்பதுபோல லேசாக அசைந்தது. அந்த அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் மாற்றி வைத்த டப்பா. சீல் உடைபடவில்லை.